மூன்றாவது ஏன்

"உன் டேபிள் எறால்லதான்க்கா ஓடு கெடந்திருக்கு. சரக்கே திரும்பி வந்துடுச்சு. ஏன்?"

ராயபுரத்து இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் தர அதிகாரி டில்லிபாபு கையில் படிவத்தோடு நின்றான். தப்பு நடந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு எழுதணும். அப்போதுதான் உண்மைக் காரணம் அகப்படுமாம்.

"உரிக்க சொல்லோ வுட்டுட்டேன் நைனா," என்றாள் கன்னியம்மா.

"ஏன் வுட்டே?"

"கண்ணுல படல."

"ஏன் படல?"

அவள் ஒருமுறை மேலே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வயசாவுதுல்ல..."

'காரணம்: வயது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான் புண்ணியவான். மறுநாளே கன்னியம்மாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

"நைனா, இத்த வுட்டா எனக்கு வேற பொயப்பு இல்ல," என்று கேட் வரை கெஞ்சிக்கொண்டே போனாள்.

"நான் இன்னாக்கா பண்றது? ரூல்ஸ்."

மூன்றாம் நாள் மேனேஜர் மோகனப்ரியா படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ரெண்டு கட்டம் காலியா இருக்கே? அந்தம்மாவைவிட வயசானவங்க பக்கத்து டேபிள்ல இருக்காங்க. அவங்க இறால்ல மட்டும் ஏன் ஓடு இல்லை?"

டில்லிபாபு முணுமுணுத்துக்கொண்டே போய், கன்னியம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து ஓர் இறாலை எடுத்தான். எது ஓடு, எது சதை? ஒரு எழவும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தான். தலைக்கு மேலே டியூப் லைட் இல்லை.

"ரூத்தக்கா, இங்க ஏன் லைட்டு இல்ல?"

பக்கத்து டேபிள் ரூத் முறைத்தாள்.

"நல்லா கேட்ட போ! நீதான சார் போன மாசம் கயட்ட சொன்ன, கரண்டு மிச்சம்னு? அதுக்குத்தான உனக்குப் பரிசு குட்த்து, வாசல்ல உன் போட்டோ மாட்டிக்கீறாங்கோ!"

டில்லிபாபுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி, ஒரு பொம்பளையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"அந்தக்கா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் சொல்ல சொன்னேன் சார். அதுதான் கேக்கல. 'இன்னா, ரெண்டு திட்டு வுயும், வாங்கிக்கினு போறேன். போட்டோவுல புள்ள எவ்ளோ சந்தோசமா சிரிச்சிகினு கீறான், அத்தப் போயி நான் எறக்க வெக்கிறதா'ன்னுச்சு."