நடத்தாத பாடம்

முனீர் ஹஸ்ரத் வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னதும் தலைமையாசிரியர் ராஜேந்திரன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

படூர் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர் முனீர். மகள் அர்வா இங்கே பன்னிரண்டாம் வகுப்பு. விலங்கியலில் இந்த வாரம் பரிணாமப் பாடம். குரங்குக்கும் மனிதனுக்கும் ஒரே மூதாதை என்று புத்தகத்தில் படம் போட்டே விளக்கியிருக்கிறார்கள். சண்டைக்குத்தான் வந்திருப்பார்.

நல்லவேளை, ராஜேந்திரனிடம் பதில் இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"நீங்க கவலையே படாதீங்க ஹஸ்ரத். அந்தப் பாடத்தை ஹெலன் டீச்சர் நடத்தல. வீட்ல படிச்சுக்கச் சொல்லிட்டாங்க. உங்க மனசு புண்படக் கூடாது பாருங்க."

"அதைக் கேக்கத்தான் சார் வந்தேன்" என்றார் முனீர். "ஏன் நடத்தல?"

"நடத்தணும்னா சொல்றீங்க?" என்றார் ராஜேந்திரன்.

முனீர் குரலை உயர்த்தாமல் சொன்னார். அர்வா ஸ்கூலுக்கே போக மாட்டேன் என்கிறாள். ஹஸ்ரத் பொண்ணு இருப்பதால் இதை நடத்தவில்லை என்று டீச்சர் வகுப்பிலேயே சொல்லிவிட்டாராம். நீட் எழுதப்போகிற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? உன்னால் எங்களுக்கு மார்க் போச்சு என்று யாரும் அவளோடு பேசுவதில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

ஹெலனைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்தவர் முனீரைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"இவர் மனசு நோகக் கூடாதுன்னுதானே விட்டீங்க? நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று ராஜேந்திரன் எடுத்துக்கொடுத்தார்.

ஹெலன் தலையாட்டத்தான் நினைத்தார். முடியவில்லை.

"இல்ல சார். எங்க சபையில இதைப் படிக்கிறதே பாவம்னு சொல்லி வளர்த்தாங்க. பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேனே தவிர, நின்னு நடத்த இன்னிக்கும் பயம். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சாக்குச் சொல்லித் தாண்டிடுவேன். இந்த வருஷம் அர்வா கிடைச்சா."

முனீர் எழுந்தார். திட்டப்போகிறார் என்றே இருவரும் நினைத்தார்கள்.

"நாளைக்கு நடத்துங்க டீச்சர். பயமா இருந்தா, பயந்துகிட்டே நடத்துங்க. அர்வா சந்தேகம் கேட்டாளேன்னு நேத்து நானும் அந்தப் பாடத்தைப் பயந்துகிட்டேதான் படிச்சேன். முடிச்சிட்டு, எப்பவும்போல தொழப் போனேன்."