பச்சைக் கதவு

சட்டைத் தொழிற்சாலையில் பணம் போடலாமா என்று சோதிக்க வந்த அதிகாரி, நாற்காலியை விட்டு எழவே இல்லை.

“அவசர வழி இருக்கா?”

“அதோ, பச்சைக் கதவு சார்!” என்றார் முதலாளி.

“பிரமாதம். தொழிலாளிங்க பாதுகாப்புக்கு ஒரு குறையும் இல்லேன்னு எழுதிடறேன்.”

கையெழுத்தின் மை காயவில்லை; பாய்லர் வெடித்தது. கூரை ஆகாயத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. நாலா பக்கமும் தீ. அதிகாரி, குறுக்கே வந்த பத்துப் பேரை முட்டித் தள்ளி, எருமையாகப் பாய்ந்து பச்சைக் கதவில் மோதினார். மூக்கு முதுகுப் பக்கம் போய்விட்டது. கதவு அசையவில்லை.

தையல்காரி ஒருத்தி அவர் காலைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தாள்.

“சாவி... கதவுக்குச் சாவி!” என்று அலறினார்.

“அது சுவரு சார். நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் கதவு வரைஞ்சாங்க. மூஞ்சியத் துடைங்க, பெயிண்ட் இன்னும் காயல.”