மூன்று மணி நேர அனுமதி

“சார், ‘ஹோப்’பும் ‘விஷ்’ஷும் எங்கேயும் ஓடிப்போயிடாது. முதல்ல நீங்க லீவு கேளுங்க!” என்றாள் யூன்பி.

பேராசிரியர் குக் காதில் வாங்கவே இல்லை. காலையிலிருந்து இதே நடைதான். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. பார்க்கிறவளுக்குத் தலை சுற்றியது.

கொரியா முழுக்கப் பிள்ளைகள் எழுதப்போகும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அதற்கு ஆங்கிலக் கேள்வித்தாள் தயாரிக்க ஆசிரியர்களை இந்த மலை விடுதியில் வைத்துப் பூட்டி இருபத்தாறு நாளாகிறது. செல்போன் கிடையாது. ஜன்னல் கண்ணாடியில்கூடக் காகிதம் ஒட்டிவிட்டார்கள். தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். குக்கின் அப்பாவோ சுன்ச்சன் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில். சேர்த்த மறுநாளே இவர் இங்கே வந்துவிட்டார்.

“இருபத்திமூணாவது கேள்வி தப்பு. ரெண்டு விடையும் பொருந்துது” என்றார் குக்.

“அதெப்படி சார்? நடக்கும்னு நம்பினா ‘ஹோப்’. நடக்காததுக்கு ஏங்கினா ‘விஷ்’. பின்னால வர்ற வினை இறந்தகாலத்துக்குப் போயிடும். சின்னப் பிள்ளைக்கே தெரியும்!”

“வாழ்த்துறதுக்கும் ‘விஷ்’தாம்மா. ‘யூ’வுக்கு அப்புறம் பெயர்ச்சொல் வந்தா ‘விஷ்’, வினைச்சொல் வந்தா ‘ஹோப்’. நீ போட்டிருக்கிற ‘ரெஸ்ட்’ ரெண்டாவும் நிக்கும். நாளைக்கு ஊரே சண்டைக்கு வரும்.”

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. குக் அப்படியே நின்றார். சத்தம் அறையைத் தாண்டிப் போனதும் பெருமூச்சு விட்டார்.

“பாருங்க, மனசு பூரா வாசல்லயே இருக்கு. வாய்விட்டுக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவீங்க? பெத்த அப்பாவைவிட இந்த ரெண்டு வார்த்தை பெருசா?”

“லீவுங்கிற பேச்சையே எடுக்காதே!”

“நல்ல பிள்ளை சார் நீங்க! கல்நெஞ்சு!”

குக் பேனாவை எடுத்து இருபத்திமூன்றாவது கேள்வியைச் சுற்றி வட்டம் போட்டார்.

யூன்பிக்கு ஆத்திரமாக வந்தது. பள்ளி ஆசிரியையான அவள் இந்தக் கேள்வித்தாள் வேலைக்கு வருவது இதுதான் முதல் வருடம். இருந்தாலும் சும்மா இருக்கவில்லை. குக்குக்கு அனுமதி கேட்டு, அவருக்கே தெரியாமல் ஒரு கடிதம் எழுதிக் காலையிலேயே பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மறுபடி பூட்ஸ் சத்தம். இந்த முறை வாசலிலேயே நின்றது. கதவைத் திறந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“புரொபசர் சார், உங்களுக்கு மூணு மணி நேரம் அனுமதி. வண்டி கீழே தயாரா நிக்குது. கூட நானும் வரேன்.”

யூன்பி துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். “நான்தான் சார் கேட்டேன்! நீங்க கேக்கலைன்னா என்ன, நான் விட்டுடுவேனா? கிளம்புங்க, போய் அப்பாவைக் கண்ணாரப் பார்த்துட்டு வாங்க!”

குக் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“எத்தனை மணிக்குப் போனாரு?” என்று அதிகாரியிடம் கேட்டார்.

பெற்றவர்களின் சாவைத் தவிர வேறெதற்கும் அந்த விடுதியிலிருந்து யாரையும் வெளியே விடமாட்டார்கள் என்பதை, யூன்பியிடம் அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.