கூடாரத்தில் ஒரு ஜன்னல்

கடல் காற்று ஏறுகிற மூன்று மணி. பஞ்சநாதன் உப்பளத்து வரப்பில் அந்த நீலக் கூடாரத்தை மறுபடியும் அடித்து நிறுத்தியிருக்கிறார். பாத்திகளில் தேங்கிய வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. கிழக்குப் பக்கத் துணியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சதுரத்தைக் கத்தரிக்கோல் கரகரவென்று வெட்டி எடுக்கிறது. அவர் மனைவி ஜெயா கொசுவலைத் துண்டும் ஊசியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் செந்தமிழின் பதினாறாம் நாள் காரியம் நேற்றுத்தான் முடிந்தது.

கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவள் ஆசையாக வாங்கிய கூடாரம். முதலில் நானே படுத்துப் பார்க்கிறேன் என்றாள். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. குளிருக்கு அவள் உள்ளே கரி அடுப்பு வைத்திருந்தது தெரியாமல், உப்புக் குவியலை மூடுகிற மாதிரியே மேலே தார்ப்பாயைப் போர்த்தி, ஓரமெல்லாம் களிமண் அப்பி அடைத்தவர் அவர்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. காற்றும் போகவில்லை.

"மேக்கால உச்சியில ஒன்னு வேணும். சூடு வெளிய போவணும்ல," என்கிறார். எழுந்து போய் அதையும் வெட்டுகிறார். பிறகு கிழக்கு ஜன்னலுக்குத் திரும்பி வந்து குனிந்து, ஆளில்லாத கூடாரத்துக்குள் கேட்கிறார்.

"இப்போ காத்து வருதாம்மா?"

ஜெயா ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு உள்ளே தவழ்ந்து போகிறாள். மகள் தலை வைத்த இடத்தில் தலை வைத்துப் படுக்கிறாள்.

"வருதுப்பா," என்கிறாள்.