விளிம்புவரை ஊற்றிய தேநீர்

பிஷ்கெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஜிபாரின் முனைவர் பட்டம் ஒரு காலி நாற்காலியில் சிக்கிக்கொண்டது. அவிழ்க்கவே முடியாத புதிரோடு மனிதர்கள் துணை இருந்தால் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவார்கள், தனியாக இருந்தால் எவ்வளவு சீக்கிரம் கைவிடுவார்கள் என்பதுதான் சோதனை. துணை இருந்தவர்கள் மல்லுக்கட்டினார்கள். தனியாக விடப்பட்டவர்களோ ஒட்டகமே அலுத்துப்போகும் அளவுக்கு மல்லுக்கட்டிவிட்டு, வெளியே வந்து ஒரே குறையைச் சொன்னார்கள்.

"எதிர்ல இருந்தவங்க வாயே திறக்கலையே."

எதிரே யாரும் இல்லை. ஜிபார் அறையை மாற்றினாள், நாற்காலியை மாற்றினாள், கண்காணிப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கண்ணே கழன்று விழும்படி பார்த்தாள். வியாழக்கிழமைக்குள் தனியாட்களின் முடிவு வராவிட்டால் ஐந்து வருட உழைப்பும் குப்பைதான்.

"டீ ஊத்தி அனுப்பிவிடு கண்ணு," என்றாள் கூட வேலை பார்க்கும் கூல்சாரா. "பேயா இருந்தாலும் நம்ம ஊர்ப் பேய்தானே? மரியாதை தெரியாமலா போகும்?"

அங்கே வேண்டிய விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். விளிம்புவரை ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம். ஜிபார் நீலக் கிண்ணத்தில் ததும்பத் ததும்ப ஊற்றி, காலி நாற்காலிக்கு எதிரே வைத்தாள்.

"தயவுபண்ணிப் போயிடுங்க," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

அடுத்து வந்தவர் உட்கார்ந்த சூட்டோடு புதிரைத் தள்ளிவிட்டு எழுந்தார். "தனியா உக்காந்து மண்டைய உடைச்சுக்க எனக்கென்ன தலையெழுத்தா?"

ஜிபாருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது. அதைக் குறித்துவைக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தன் இடத்துக்கு ஓடினாள்.

அவள் நாற்காலிக்கு எதிரே அதே நீலக் கிண்ணம் இருந்தது. விளிம்புவரை, ஆவி பறக்க.