நடுச்சுவர்

ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் மேசையில் ஏழு காட்போட் வீடுகள் இருந்தன.

அவற்றின் நடுவே பச்சைத் தாள் ஒட்டியிருந்தது. ஏழு குடும்பத்துக்கும் பொதுவான காய்கறித் தோட்டம் அதுதான் என்றாள் தனுஜா. வீடுகளை வரைந்தவள் அவள், கேகாலையிலிருந்து வந்திருந்தாள்.

அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அரநாயக்கவில் மண் சரிந்து ஊர் புதைந்தது போல இங்கேயும் நடந்துவிடக் கூடாது என்று, மலையை விட்டுத் தள்ளிக் கீழே சமதரையில் இடம் கொடுத்திருந்தார்கள்.

தனுஜா சுவரைத் தொட்டுக் காட்டினாள். அமுக்கிய மண்கல், ஒன்றரை அடித் தடிப்பு. பகலில் வீடு சுடாது. ஃபேன் போட வேண்டியதில்லை, கரண்ட் பில் பாதியாகிவிடும்.

“பக்கத்து வீட்டுச் சத்தமும் கேக்காதுங்க.”

எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். லயத்தில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் அடுத்த வீட்டில் லைட் போடுவார்கள்.

விஜயகலா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் குழாயடியில் பக்கத்துக் காம்பராக் கருப்பாயியைப் பார்க்கும்போதும் அவள் இப்படித்தான் குனிந்துகொள்வாள்.

யாருக்கு எந்த இடம் பிடிக்கிறதோ அங்கே தங்கள் வீட்டை வைக்கலாம் என்றாள் தனுஜா.

முதலில் சுதாகரனைக் கூப்பிட்டார்கள். விஜயகலாவின் புருஷன், தொழிலாளர்களுக்குத் தோட்டத் தலைவர். குடிக்காதவன், யாரிடமும் அதிர்ந்து பேசாதவன். இந்த வீடுகளுக்காக ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கியவனும் அவன்தான்.

அவன் தன் வீட்டை எடுத்து, எல்லாவற்றுக்கும் கடைசியில், சாணத்திலிருந்து அடுப்புக்குக் காஸ் எடுக்கும் குழிக்குப் பக்கத்தில் தனியாக வைத்தான்.

“நமக்கு அமைதியா இருந்தா போதும்.”

நல்ல இடத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று தனுஜா நெகிழ்ந்து போனாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். கருப்பாயிக்குக் காய்கறித் தோட்டத்தை ஒட்டி, காலை வெயில் விழும் இடம் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டியும் ரப்பர் பால் வெட்டப் போகிறவள். மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனதிலிருந்து தனியாக இருக்கிறாள்.

அவள் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் வீட்டை எடுத்துக்கொண்டு போய், சுதாகரன் வீட்டோடு சுவரும் சுவரும் ஒட்டுகிற மாதிரி வைத்தாள்.

“அங்க வெயில் விழாதுங்க அக்கா. காஸ் குழி வேற பக்கத்துல இருக்கு” என்றாள் தனுஜா.

“பரவாயில்லங்க மிஸ். இந்த நடுச்செவுத்த மட்டும் மெல்லிசா வச்சிருங்க.”

சுதாகரன் சிரித்தான். “அக்காவுக்கு நம்மகிட்ட நெருப்புப்பெட்டி கேக்காம முடியாது. அதான்.”

அவன் எது சொன்னாலும் சிரிக்கிறவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். கருப்பாயி கதவைத் தட்டி நெருப்புப்பெட்டி கேட்பாள். சுதாகரன் விஜயகலாவை அடிக்கிற நேரங்களில் மட்டும் கேட்பாள். கொடுத்த பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவனுடைய மூச்சு அடங்குகிற வரைக்கும் வாசலிலேயே நின்று மழையைப் பற்றிப் பேசுவாள்.

“ஒரு செவுரு ரெண்டு வீட்டுக்குங்க. அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்களும் சம்மதிக்கணும்” என்றாள் தனுஜா.

சுதாகரன் வாயைத் திறந்தான்.

“எனக்குச் சம்மதங்க மிஸ்” என்றாள் விஜயகலா.

சொன்ன பிறகுதான் முகம் எரிந்தது. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் போல இருந்தது. இத்தனை வருடமும், கருப்பாயி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. சுதாகரனையும் பார்க்கவில்லை. எல்லோரும் காட்போட் வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனுஜா பென்சிலை எடுத்தவள், ஒன்றும் விளங்காமல் நிறுத்தினாள்.

“எல்லாருக்கும் தடிப்பான செவுரு. இவங்க ரெண்டு வீட்டுக்கு மட்டும் ஏன் மெல்லிசா?”

அங்கே ஏன் என்று கேட்டது அவள் ஒருத்திதான்.