பதுங்கி வெளியே வருகிறது

“என்னங்க, அடுப்பை அணைங்க! குக்கர் விசில் அடிச்சா மூணு மாசப் பாடும் போச்சு!” சமையலறைத் தரையில் குப்புறப் படுத்தபடி தையல்காரி கிசுகிசுக்கிறாள். கணவன் பூனைநடை போட்டு அணைக்கிறான். சலவை இயந்திரத்தின் பின்னாலிருந்து ஒரு கறுப்பு மூக்கு எட்டிப் பார்க்கிறது. தத்துப் போகும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று மாதம் முன்பு விலங்குக் காப்பகம் அவளிடம் ஒப்படைத்த நாய். ஆள் நிழல் பட்டாலே ஒளிவதால் பெயர் பதுங்கி. தத்தெடுக்க வந்தவர்கள் எல்லாரும் கையை நீட்டிக் கொஞ்சப் போய் அதை விரட்டிவிட்டார்கள். இப்போது வந்திருக்கும் கடிகாரக் கடைக்காரர் மட்டும் மூன்றாவது வாரமாக, அதற்கு முதுகைக் காட்டி, சமையலறைத் தரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்றும் அவரிடம் வராவிட்டால் பதுங்கி மறுபடி காப்பகக் கூண்டுக்குத்தான். டக், டக். நகங்கள் தரையில் ஒலிக்கின்றன. ஜன்னல் வெயிலுக்குள் ஒரு கால், இன்னொரு கால். அவர் பின்னால் விரித்திருக்கும் உள்ளங்கையிலிருந்து கோழித்துண்டு மறைகிறது. ஈர மூக்கு அங்கேயே தங்குகிறது. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் கால்களை உதறுகிறாள்.

“ஜெயிச்சிட்டீங்க சார்! என்ன பொறுமை உங்களுக்கு!”

“பொறுமையா?” அவர் முகமெல்லாம் வியர்வை. “சின்ன வயசுலேர்ந்தே எனக்கு நாய்னா உயிர் போற பயம்மா. என்னைவிடப் பயந்தாங்கொள்ளியா ஒண்ணு இருக்குன்னாங்க, அதான் வந்தேன்.”